ஒன்றரை மில்லிமீட்டர்

மார்ச் மாதம். விடிகாலை மூன்று மணி.
முட்சு விரிகுடாவின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை.
மண்ணெண்ணெய் அடுப்பு முதுகைச் சுடுகிறது,
முழங்கால் அதுபாட்டுக்கு உறைகிறது.

ஹிசானோவின் வேலை காது குத்துவது.

விசிறிச் சிப்பிக்குக் காது உண்டு.
கேட்பதற்கு அல்ல.
மூட்டின் இருபுறமும்
சட்டைக் காலர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஓடு.
போன வருஷம் வெங்காயப் பை வலைகளில்
எள்ளளவாய் வந்து ஒட்டியவை
இப்போது கைக்குழந்தையின் உள்ளங்கை அளவு.
எடுக்க வேண்டும், இயந்திரத்தின் பல்லில் வைக்க வேண்டும்,
ஊசி இறங்கும், ஒன்றரை மில்லிமீட்டர்.
ரத்தம் இல்லை. வீறிடல் இல்லை.
உட்கார மாமன் மடியும் இல்லை.
இரண்டிரண்டாய்க் கயிற்றில் கோத்துக்கொண்டே போனால்
ஒரு நாளைக்கு எட்டாயிரம்.

எதிரில் தெருமி.
கணவன் ஓடிப்போன கதையைப்
பதினோராவது முறையாகச் சொல்கிறாள்.
பாதியில் நிறுத்தி, "இது செத்தது" என்று
ஒன்றைத் தோளுக்குப் பின்னால் வீசுகிறாள்.
கதை எந்த இடத்தில் நிற்கும் என்று
கடற்காகங்களுக்குத் தெரியும்.

நீந்தத் தெரிந்த சிப்பி இது.
நட்சத்திரமீன் தொட்டால்
இரண்டு ஓட்டையும் படபடவென்று அடித்துத்
தண்ணீரைத் துப்பி எழும்பும்,
கோபித்துக்கொண்டு கிளம்பிய கைப்பை மாதிரி.
விளிம்பெல்லாம் கண். கடுகு கடுகாய், கருநீலம்.
உன் நிழல் விழுந்தால் போதும், கதவடைப்பு.
கட்டித் தொங்கவிட்ட பிறகும் தட்டும்.
போக இடமில்லாமல் தட்டும்.
கயிறு கொஞ்சம் அசையும், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து
கசுஹிரோ வந்தார், மிதவை அனுப்பிய எண்களோடு.
பதினைந்து மீட்டர் ஆழத்தில் இருபத்தாறு டிகிரி.
"அடுத்த வாரம் குறைந்துவிடும்.
கயிற்றை இன்னும் கீழே இறக்குங்கள்."
இறக்கினார்கள். கீழேயும் அதே வெதுவெதுப்பு.
அடுத்த வாரமும் வந்து
அடுத்த வாரம் என்றார்.

"நாற்பது வருஷமாகக் காது குத்துகிறவளுக்கே
காது குத்துகிறார்," என்றாள் தெருமி.
ஹிசானோ சிரித்தாள்,
சத்தமாக,
பிறகு நிறுத்த முடியவில்லை.

அக்டோபரில் கயிற்றைத் தூக்கினார்கள்.
கப்பி முனகவில்லை.
அந்த லேசிலேயே தெரிந்துவிட்டது.
வாய் பிளந்த ஓடுகள். உள்ளே சேறு.
ஒன்றில் ஒரு குட்டி நண்டு,
நல்ல வாடகைக்கு வீடு அமைந்த முகத்தோடு.
சதை கரைந்திருந்தது,
இருநூறு கண்களும் எங்கே போயினவோ,
காது மட்டும் அறுந்திருக்கவில்லை.
அவள் போட்ட துளை, துளைக்குள் நைலான் ஊக்கு,
ஒன்றுகூட நழுவவில்லை.
சுத்தமான வேலை என்று நினைத்தாள்.
நினைத்த வாயை, வாய்கூட அல்ல, நினைத்ததைக்
கடித்துக்கொண்டாள்.

படிவத்தில் ஒரு கட்டம்: இறப்பு விகிதம்.
நூறு எண்ணினாள். எண்பத்துமூன்று.
இன்னொரு நூறு எண்ணும்போது
உயிரோடிருந்த ஒன்று
மேசைமேல் தட்டியது, இரண்டு முறை,
யாரோ வெளியே நிற்பதுபோல.
எண்ணிக்கை தவறிவிட்டது.
முதலிலிருந்து தொடங்கினாள்.

ஜனவரி. கொட்டகைக் கதவின் பாதிவரை பனி.
ஹச்சினோஹேயிலிருந்து கருவிக் கடைக்காரனின் தொலைபேசி.
இந்த வருஷம் ஊசி எத்தனை அனுப்பட்டும்?

ஜன்னலுக்கு வெளியே விரிகுடா
ஒன்றும் அறியாததுபோல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.
குளிர்ந்துதான் இருந்தது, இப்போது.

"போன வருஷ அளவே."

சரி என்று சொல்ல
மறுமுனையில் அவனுக்குக் கொஞ்சம் நேரமெடுத்தது.
அதற்குள் அவள்
தொலைபேசியை
மற்றொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.